பள்ளிக்கூடத்துப் பானகம்

குப்பண்ணக் கவுண்டர் வீட்டுப் பெண்ணைக் கட்ட வருகிறவர்கள் பூலாம்பதிப் பள்ளிக்கூடத்தில்தான் வந்து இறங்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். வாசலில் வண்டி நிற்கும். நிலைக்கு மேலே பதித்த கல்லில் 'குப்பண்ணக் கவுண்டர் தர்மப் பள்ளிக்கூடம்' என்று வெட்டியிருப்பதை வந்தவர்கள் அண்ணாந்து படிப்பார்கள். அதற்குள் வீட்டு மருமகள் பெரிய மண் மொடாவிலிருந்து பானகம் மொண்டு முதல் தம்ளரைச் சம்பந்தி கையில் கொடுப்பாள். சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்ட வெல்லத்தண்ணிதான். ஆனாலும் அந்தக் கல்லுக்குக் கீழே நின்று அதைக் குடித்தால்தான் சம்பந்தம் கைகூடியதாக அர்த்தம்.

இப்போது அந்த மருமகள் கமலாத்தாள். ஐம்பத்தைந்து வயதிலும் முதுகு வளையாதவள். மகள் ருக்மணிக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தது. மாப்பிள்ளை பொள்ளாச்சிப் பக்கம். நிச்சயத்துக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா காளியண்ணக் கவுண்டர் தாம்பூலத்தைக் கையில் வாங்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. பாலக்காட்டுச் சீமையில பொண்ணெடுக்கறதுன்னா எனக்கு ஒரு யோசனை. இங்க தோப்புக்குத் தோப்பு கள்ளு எறக்கறாங்க. நான் அதை மோந்துகூடப் பாத்ததில்லீங்க."

அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். அவர் கமலாத்தாளின் புருஷன். எதற்கும் முதலில் தொண்டையைச் செருமுகிறவர். அவர் செருமி முடிப்பதற்குள் கமலாத்தாள் பதில் சொல்லிவிட்டாள்.

"மரத்தைக் குத்தகைக்கு உட்டிருக்கறமுங்க. ஊருல எல்லாரும் உடறாங்க, மறைக்க ஒண்ணுமில்லை. ஆனா எங்க மாமனார் பேரு இருக்கற எடத்துக்குக் கள்ளு வந்ததில்லீங்க. வரவும் வராது."

காளியண்ணக் கவுண்டர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "அந்த வார்த்தை போதுமுங்க" என்று தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கமலாத்தாள் வண்டி பூட்டச் சொன்னாள். பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே சித்தூர் ரோட்டோரம். வெள்ளையடிக்க எவ்வளவு ஆகும், எத்தனை பந்தல்கால் வேண்டும் என்று பார்த்துவர வேண்டும். அர்த்தநாரி தடுத்தார். "வெயில்ல எதுக்கு அம்மிணி? நான் ஆளை அனுப்பறேன்." அவர் இரண்டாம் முறை அதையே சொன்னதும் அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.

முதலில் ஈ வந்தது. வாசல் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே ஈக்கள் மாட்டை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்தன. ஒன்று உதட்டின் மேலேயே உட்கார்ந்தது. அது எதன் மேல் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கும் என்று நினைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு அந்த முந்தானை தன் மேலே படவும் பிடிக்காமல் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் நாற்றம். புளித்து, நொதித்து, வெயிலில் சூடேறிய நாற்றம். வாந்தி எடுத்தவன் பக்கத்தில் யாரோ பழத்தைப் பிசைந்து வைத்தது போல.

அந்தக் கட்டிடத்தை அவள் வாசனையாகவே அறிந்திருந்தாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அது சாக்குக்கட்டி வாசனை. மழைக்காலத்தில் அதோடு பிள்ளைகளின் ஈரத் தலைவாசனையும் சேரும். பிறகு சர்க்கார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுப் பள்ளிக்கூடம் கட்டியது. பிள்ளைகள் ஓட்டுக்கூரையிலிருந்து கான்கிரீட்டுக்குப் போனார்கள். கட்டிடம் வீட்டுக்கே திரும்பி வந்தது. பஞ்ச காலத்தில் அதை ரேஷன் கிடங்காக்கினார்கள். சிவப்புச் சோளம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிப் பூச்சி பிடித்தது. வெள்ளைப் புழு சுவரேறி மாமனார் படத்துச் சட்டத்துக்குள் போயிற்று. அந்தப் படத்தை எடுத்துவரப் போன அன்று, கண்ணாடிக்கு உள்ளே, அவருடைய மீசை மேல், ஒரு புழு நகர்வதை அவள் பார்த்தாள். அதற்கப்புறம் பல நாள் சோளம் சேர்ந்த எதையும் அவளால் வாயில் வைக்க முடியவில்லை.

புழு போய் மனிதர்கள் வந்தார்கள். நில விசாரணை அங்கேதான் நடந்தது. குத்தகைக்கு உழுத பாட்டக்காரர்களுக்கே நிலம் எழுதிக்கொடுத்த நாட்களில் அர்த்தநாரி ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அதை அவள் பொறுத்துக்கொண்டாள், சட்டம் சட்டம்தான். விசாரணைக்கு வந்தவர்கள் வெற்றிலை போட்டு விரலைச் சுவரில் துடைத்துவிட்டுப் போயிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எமர்ஜென்சியில் அதே கூடத்தில் குடும்பக் கட்டுப்பாடு முகாம். ஆண்கள் வரிசையாக உள்ளே போய், கால் அகட்டி நடந்து, கையில் ஒரு இனாம் பிளாஸ்டிக் வாளியோடு வெளியே வந்தார்கள். டெட்டால் நாற்றம் கோயில் வரைக்கும் அடித்தது. அன்றோடு அவள் அந்த ரோட்டில் போவதை விட்டுவிட்டாள். கோயிலுக்குக்கூட வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

"இப்ப தேங்காக்காரனுக்கு உட்டிருக்கேன்" என்று போன தீபாவளிக்கு அர்த்தநாரி சொன்னார். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

கூடத்துக்குள் காலை வைத்தாள். சிந்திக் காய்ந்து சிந்திக் காய்ந்து தரை பிசுபிசுத்தது. வெறுங்கால் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. கேன்களும் குடங்களும் சுவரோரம் அடுக்கியிருந்தன. கரும்பலகையில் திருச்சூர், ஆலுவா, எறணாகுளம் என்று ஊர்ப்பேர். பக்கத்தில் எந்த ஊருக்கு எவ்வளவு என்று சாக்குக்கட்டிக் கணக்கு. பூலாம்பதியைச் சுற்றியுள்ள தோப்புக் கள்ளெல்லாம் விடிய விடிய இங்கே வந்து சேர்ந்து, அளந்து, வண்டியேறி மலையாள தேசம் முழுக்கப் போகிறது என்று கணக்குப் பார்க்காமலே புரிந்தது.

சுவரோரத்தில் இடுப்பளவு உயரத்துக்கு மூன்று மொடா. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மாமனார் வாங்கிப்போட்டவை. அதில்தான் கல்யாணத்துக்குக் கல்யாணம் பானகம் கரைப்பார்கள். எட்டிப் பார்த்தாள். மஞ்சள் நுரை மூச்சுவிடுவது போல எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. நுரையில் செத்த குளவிகள், எறும்பு, ஒரு பல்லிவால்.

"ஆரு... பெரியாத்தாங்களா? வாங்க, வாங்க." பொங்கியண்ணன் வந்தான், கள்ளுக் காண்ட்ராக்டரின் மேஸ்திரி. "உக்காருங்கன்னு சொல்ல ஒரு பெஞ்சுகூட இல்லீங்களே ஆத்தா. எல்லாத்தையும் கேன் வெக்க எடுத்துட்டோம்."

"நீ இங்க படிச்சவன்தானே?"

"அஞ்சாப்பு வரைக்கும் படிச்சனுங்க. அந்த மூலையிலதான் வாத்தியாரு என்னைய முட்டி போட வெப்பாரு. இப்ப அதே மூலையில நின்னு அளவு பாக்கறனுங்க. எடம் மாறலைங்க, ஒசரந்தான் மாறிருச்சு."

கேன் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். கமலாத்தாள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"ஆரு உங்களுக்குச் சாவி குடுத்தது?"

"அதை உங்க ஊட்டுலயே கேட்டுக்குங்க ஆத்தா. எங்க காண்ட்ராக்டரு பூட்டை ஒடைச்சுட்டு வரலீங்க."

வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகுதான் உள்ளே போனாள்.

"ஏனுங்க, தேங்காக்காரனுக்குன்னீங்க."

"அதுவும் தேங்கா மரத்துலதானே வருது" என்றார் அர்த்தநாரி. சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வரவில்லை. "சும்மா கெடந்தா வௌவால் அடையும் அம்மிணி."

"வௌவால் அடையட்டுமுங்க. வௌவால் நம்ம பேரைக் கெடுக்காது. அந்த மனுசங்கிட்ட நான் என்ன சொல்லியிருக்கறேன்னு உங்களுக்கு நெனப்பு இருக்குதா?"

"இப்பெல்லாம் ஆரு பள்ளிக்கூடத்துல எறக்கறாங்க? கொழிஞ்சாம்பாறையில மண்டபம் புடிச்சிரலாம்."

"உங்க அக்கா தங்கச்சிக்கெல்லாம் பள்ளிக்கூடம், எம் பொண்ணுக்கு மண்டபமா? ஏன்னு கேப்பாங்க. கேட்டா நீங்க தொண்டையைச் செருமுவீங்க."

அவர் செருமினார்.

காண்ட்ராக்டர் நல்ல மனுஷன். கல்யாணம் முடியும்வரை கேன்களை ஆற்றோரக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டான். கூடத்தை மண்வெட்டியால் சுரண்டினார்கள். சுரண்டியது கரும்பாகு மாதிரி சுருண்டு வந்தது. அதை எருக்குழியில் போடவும் அவள் விடவில்லை, தள்ளிப் பள்ளம் வெட்டிப் புதைக்கச் சொன்னாள். சாணி மெழுகி, சுண்ணாம்படித்து, மஞ்சள்தண்ணி தெளித்து, இரண்டு நாள் சாம்பிராணி போட்டாள். ஈக்கள் முதலில் போகவில்லை. பிறகு போயின.

மொடாக்களைத்தான் என்ன செய்வது என்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"பித்தளை அண்டா நாலு கெடக்குதே" என்றார் அர்த்தநாரி.

அண்டாவில் கரைத்திருக்கலாம். ஆனால் மொடாவை ஒதுக்கினால் கள்ளு ஜெயித்துவிட்டது என்றாகும். மாமனார் வாங்கியது, மாமியார் கையால் மொண்டது. ஆறு மாசம் எவனோ எதையோ ஊற்றினான் என்பதற்காக அது இந்த வீட்டுச் சாமான் இல்லை என்று ஆகிவிடுமா? அவளே முன்னால் நின்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வைத்தாள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றி எடுத்து, வெயிலில் கவிழ்த்து, உள்ளே சாம்பிராணிப் புகை பிடித்தாள். தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். சாம்பிராணி மட்டும்தான் மணத்தது.

மாப்பிள்ளை வருவதற்கு முதல்நாள் காலையிலேயே வெல்லம் கரைத்தாகிவிட்டது. ஒரு நாள் ஊறினால்தான் சுக்கும் ஏலமும் இறங்கும் என்பது அந்த வீட்டுக் கைப்பக்குவம். ஏலக்காய் குமுளியிலிருந்து சொல்லி வரவழைத்தது. மொடா வாயில் வெள்ளைத்துணி கட்டி, கல்லுக்கு நேர் கீழே வராந்தாவில் வரிசையாக வைத்தாள். வேறு யாரும் துணியை அவிழ்க்கக் கூடாது என்று உத்தரவு.

மறுநாள் காலையில் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டு பஸ் வழியில் டயர் வெடித்து நின்று, சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. வெயிலில் காய்ந்து, புழுதி படிந்து, நாக்கு வறண்டு இறங்கினார்கள். மேளம் கொட்டியது. காளியண்ணக் கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து கல்லைப் படித்தார். மெதுவாக, உதடு அசைய. பிறகு அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்புக்காகத்தான் அவள் இத்தனை நாள் மண்வெட்டியோடு நின்றாள்.

துணியை அவிழ்த்தாள். நுரை திரண்டிருந்தது. பஸ் வந்த அவசரத்தில், எலுமிச்சை பிழிந்தால் இப்படித்தான் பொங்கும் என்று நினைத்துக்கொண்டாள். முதல் தம்ளரைச் சம்பந்தி கையில் கொடுத்தாள். அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"பானகம்னா இதுங்க" என்றார். "நாக்குல சுறுசுறுன்னு ஏறுது. எங்க பக்கம் வெறும் வெல்லத்தண்ணியக் கரைச்சுக் குடுத்துட்டுப் பானகம்ங்கறாங்க."

"குமுளி ஏலக்காய்ங்க" என்றாள் கமலாத்தாள். அவள் குரலில் அவளுக்கே பெருமை கேட்டது.

இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தார். பின்னால் இளவட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். முதலில் குடித்தவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். அவன் குடித்துவிட்டு இன்னொருவனைக் கூப்பிட்டான். பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்கு மறுபடி வந்து நாலு வருஷமாகிறது, எல்லைக்கு இந்தப் பக்கம் அது இல்லை. கட்டுப்பாடான சாதிசனம், வரிசை கலையாமல் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

"கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி இன்னும் செத்த நேரங்கூட ஆகலைடா" என்று ஒருவன் கிசுகிசுத்தான். "சம்பந்தி ஊட்டுல என்ன மரியாதை பாரு."

"சத்தம் போடாதே. பெரியப்பனுக்குத் தெரிஞ்சா பஸ்ஸைத் திருப்பிருவாரு."

அவள் காதில் விழுந்தது. கரண்டியோடு கை நின்றது. குனிந்தாள். சாம்பிராணி மணம் போயிருந்தது. சுக்குக்கும் ஏலத்துக்கும் அடியிலிருந்து, அந்தப் புளித்த நாற்றம், அவளை அடையாளம் கண்டுகொண்டது போல மூக்கில் ஏறியது. நுரை எழும்பி அடங்கியது. மூச்சுவிட்டது. சுட்ட மண்ணின் துவாரத்துக்குள்ளெல்லாம் ஆறு மாசமாக ஊறிக்கிடந்தது சாம்பலுக்கும் கொதிநீருக்கும் தப்பிப் பிழைத்து, அவள் கரைத்த வெல்லத்தை ஒன்றரை நாளாகத் தின்று கொழுத்திருந்தது. அவளே தீனி போட்டிருந்தாள்.

தொண்டைக்குள் ஏதோ ஏறி வந்தது. விழுங்கினாள். அதற்கும் அதே ருசி இருப்பதாகத் தோன்றியது.

"ஏனுங்க சம்பந்தி." பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா பழனாத்தாள் நின்றிருந்தாள். தம்ளரைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. மூக்குக்குக் கீழே பிடித்து ஒருமுறை ஆட்டினாள். "எங்கப்பாருக்கு இந்தப் பழக்கம் உண்டுங்க. அதனால எனக்கு வாசம் தெரியும். எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாது. மோந்தே பாக்காதவரு, பாவம்."

"மொடா..." என்று ஆரம்பித்தாள் கமலாத்தாள்.

"மொடா நல்ல மொடாத்தானுங்க. நான் என்னத்தைச் சொன்னேன்? எல்லாத்தையும் இப்பக் கொட்டுனா ஏன் கொட்டறீங்கன்னு கேப்பாரு. சொன்னா, நீங்க குடுத்த வார்த்தை என்னாச்சும்பாரு. முகூர்த்தம் விடியக்காலைங்க." பழனாத்தாள் தம்ளரை நிறைய நிறைய அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. ஆயுசுக்கும் ருக்மணியின் தலைமேல் தொங்கப்போகிற சிரிப்பு. "பொண்ணுக்கு மாமியார் ஊட்டுல குடிக்கத் தண்ணி குடுப்போம். வெறும் தண்ணி."

அப்போது காளியண்ணக் கவுண்டர் திரும்ப வந்தார். நடை கொஞ்சம் அகலமாகியிருந்தது. தோளில் இருந்த துண்டு எங்கேயோ விழுந்திருந்தது. யாரிடமும் பல் தெரியச் சிரிக்காத மனுஷன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சம்பந்தி, இன்னுமொண்ணு ஊத்துங்க. கேக்க வெக்கமாத்தான் இருக்குது."

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. இல்லை என்று சொல்லலாம். கல்லுக்குக் கீழே நின்று கேட்ட சம்பந்திக்கு இல்லை என்று சொன்ன முதல் மருமகளாக ஆகலாம். பிறகு ஏன் என்று அவர் கேட்பார். அல்லது ஊற்றலாம்.

ஊற்றினாள். நுரை தம்ளரின் விளிம்பைத் தாண்டி வழிந்து விரல்மேல் பிசுபிசுத்தது. அந்த விரல் தன்னுடையதாக இல்லாமல் போனால் தேவலை என்றிருந்தது. அவர் குடித்தார். நீட்டினார். மறுபடியும் ஊற்றினாள்.

குடித்துவிட்டு வராந்தாத் தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். கல்லை அண்ணாந்து பார்த்து, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். "குப்... பண்ணக்... கவுண்டர்... தர்ம..." நாக்கு தடித்து, 'தர்ம' என்ற இடத்தில் நின்றுபோயிற்று. சிரித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குள் ஓடினார்கள். அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். தன் மாமனாரின் பேர் கள்ளுவாயிலிருந்து எச்சிலோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததைக் கமலாத்தாள் கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

விடியலில் முகூர்த்தம் குறையில்லாமல் நடந்தது. காளியண்ணக் கவுண்டர் குளித்து, திருநீறு பூசி, விறைப்பாக நின்று அட்சதை போட்டார். ராத்திரி பஸ் அலுப்பில் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்.

பஸ் கிளம்பின அன்றே மூன்று மொடாவையும் ரோட்டில் உருட்டி உடைக்கச் சொன்னாள். கொத்தனாரை வரவழைத்து நிலைக்கு மேலேயிருந்த கல்லைப் பேர்த்தாள். "சாவியைக் காண்ட்ராக்டர்கிட்டயே குடுத்துருங்க" என்றாள் புருஷனிடம். "உள்ள என்னத்த வேண்ணா அளந்துக்கட்டும். பேரு மட்டும் அங்க வேண்டாம்." கல்லைச் சாக்கில் சுற்றி நெல் அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். பள்ளிக்கூடத்து நெற்றியில் செங்கல் தெரிகிற ஒரு ஓட்டை மிஞ்சியது. பூசச் சொல்லவில்லை.

ஆடிக்கு மகளையும் மருமகனையும் அழைத்துக்கொண்டு சம்பந்திகள் வந்தார்கள். பித்தளை அண்டாவில், அன்று காலையில் கரைத்த பானகம் கொடுத்தாள். காளியண்ணக் கவுண்டர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தம்ளரைப் பார்த்தார்.

"கல்யாணத்தன்னிக்கு மாதிரி இல்லீங்களே."

பழனாத்தாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அதெல்லாம் ஊறணுமுங்க" என்றாள். ருக்மணி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதில்லை என்று அந்தக் குனிந்த கழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

ஆவணியில் சித்தூரில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு கமலாத்தாள் பஸ்ஸில் திரும்பினாள். பள்ளிக்கூடத்து ஸ்டாப்பில்தான் இறங்க வேண்டும். வீட்டுக்குக் கிட்டத்தில் உள்ள ஸ்டாப் அதுதான். டிக்கெட்டும் அதற்குத்தான் எடுத்திருந்தாள். வளைவு திரும்பியதும் அந்தப் புளித்த நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. கண்டக்டர் கம்பியைத் தட்டினான்.

"பானகக்கடை! பானகக்கடை எறங்கறவங்க வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு வெகு சாதாரணமாக இறங்கினார்கள்; அது அந்த இடத்தின் பேர், அவ்வளவுதான். கண்டக்டர் அவளைப் பார்த்தான். "ஆத்தா, உங்க எடந்தானுங்களே?"

"இல்லை" என்றாள் கமலாத்தாள்.

மூக்கை முந்தானையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தாள்.